பர்சிலாவின் மறுமொழி



நம் ஆலயத்தில் நெடுங்காலமாக வேதபாடம் வாசித்துவந்த பெரியவர் சில வாரங்களுக்கு முன் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். “ஐயா, எழுத்துகள் கலங்கித் தெரிகின்றன. இனிப் பாடத்தை அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்” என்றார். “இன்னும் கொஞ்ச நாள் வாசிக்கலாமே” என்றேன். அது அன்பினால் வந்த பதிலென்றே அப்போது நினைத்தேன்.

அன்றிரவு 2 சாமுவேல் 19ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். கீலேயாத்தியராகிய பர்சிலாவுக்கு வயது 80. அப்சலோமுக்குத் தப்பி மக்னாயீமுக்கு வந்த தாவீதுக்குப் படுக்கையும் கோதுமையும் தேனும் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கலகம் அடங்கியபின், எருசலேமில் தம்மோடேகூட இருக்கும்படி ராஜா அவரை அழைக்கிறார். பர்சிலாவோ, நாவுக்கு ருசி தெரியவில்லை, பாடகரின் சத்தம் செவியில் விழவில்லை என்று ராஜாவிடமே சொல்லிவிடுகிறார். காது மெஷினை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்திருக்கும் தகப்பன்மாரை நான் அறிவேன். தன் குறையை அரசன் முன்பாக அறிக்கையிடுவது எத்தனை கடினம்!

ஆயினும் அவர் வெறுமனே விலகிவிடவில்லை. ராஜாவோடு யோர்தானைக் கடந்து, கிம்காம் என்னும் இளையவனைத் தமக்குப் பதிலாக ஒப்புவிக்கிறார். தமக்கு வந்த கனத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, பெற்றோரின் கல்லறை இருக்கும் தம் ஊருக்குத் திரும்புகிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், எரேமியாவின் நாட்களிலும் பெத்லகேமுக்கு அருகே கிம்காமின் பெயரால் ஓர் இடம் வழங்கிவந்தது.

இதை வாசித்தபோதுதான் என் பதிலின் உள்நோக்கம் எனக்கு விளங்கிற்று. பெரியவர் மனமுவந்து இடம் விட்டால், அடுத்த கேள்வி என்னிடத்தில் வரும். நம் உதவி போதகருக்குப் பண்டிகைப் பிரசங்கத்தை இரண்டு ஆண்டுகளாக நான் கொடுக்கவில்லை. அனுபவம் போதாது என்றேன். பிரசங்கபீடத்தில் ஏறாமல் அந்த அனுபவம் எங்கிருந்து வரும்? லேவியர் 50 வயதில் ஆசரிப்புக் கூடாரத்தின் பணிவிடையை விட்டு, தங்கள் சகோதரருக்குத் துணையாகக் காவல் காக்கவேண்டும் என்று எண்ணாகமம் 8ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஐம்பதைக் கடந்த நான் அதைப் பலமுறை போதித்திருக்கிறேன். எனக்குரியதாக ஒருமுறையும் வாசித்ததில்லை.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் ஆலயத்தின் தாழ்வாரத்தில் அந்தப் பெரியவரும் தம்பியும் அமர்ந்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். நெகேமியாவின் பெயர்ப்பட்டியலில் அவன் தடுமாறும்போதெல்லாம், பெரியவர் புத்தகத்தைப் பாராமலே திருத்துகிறார். கண் மங்கினாலும் அந்தப் பெயர்கள் அவருக்கு மறக்கவில்லை.

வருகிற அறுப்பின் பண்டிகையில் உதவி போதகர் பிரசங்கிப்பார். நான் கீழே, அந்தப் பெரியவரின் அருகில் அமர்ந்து கேட்பேன். என் மனம் இன்னும் முழுவதும் இணங்கவில்லை, எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.