இழுப்பது சுலபம்!

'கேரவன்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமா ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்குமே, அந்த வண்டிதான். ஆனால் வெளிநாடுகளில் சாதாரணக் குடும்பங்களே காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், இங்கிலாந்தில் ஊர் சுற்றுவதற்காகவே ஒரு வண்டி வீடு செய்யச் சொல்லி, இரண்டு குதிரை பூட்டிக் கிளம்பினார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயர் வைத்தார். 'நாடோடி' என்று அர்த்தம்.

நம் தஞ்சாவூர்ச் சீமையில் கேரவன் கிடையாதா? ஏன் இல்லை! எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டிராக்டர் டிரெய்லர்!

அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இரண்டு சக்கர டிரெய்லர். கோடையில் எரு அடிக்கும். அப்புறம் நாற்று, உர மூட்டை. அறுவடை சமயத்தில் நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகும். வைக்கோல் ஏற்றும். வருஷத்தில் நாலே நாள் மட்டும் அது வீடாக மாறும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேறி, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை நடக்கும் அல்லவா? அதற்கு எங்கள் தெருவிலிருந்து எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து நடந்து போவோம். எங்கள் ஊர் அம்மாபேட்டைப் பக்கம். ஏறக்குறைய 70 கி.மீ. நடக்க வேண்டும். அரிசி, பாத்திரம், பாய், தண்ணீர் எல்லாம் டிரெய்லரில் வரும்.

வாங்கினபோது டிரெய்லரின் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. வெல்டிங் பட்டறையில் புதுத் தகடு வைத்து ஒட்டினார்கள். சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைத்தார்கள். இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினோம். உள்ளே அரிசி மூட்டை நனையாமல் இருக்க வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாய். பார்க்க அசல் வீடு மாதிரியே இருந்தது!

ஆனால் பட்டறை அண்ணன் இதில் எதையும் பெரிதாக நினைக்கவில்லை. "தம்பி, மெத்தை எவன் வேணும்னாலும் போடுவான். மொதல்ல இந்தப் பின்னைப் பாரு" என்றார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடிப்பது விரல் தடிமனுள்ள அந்த ஒரே ஒரு பின்தான்! அது மேலே துள்ளி வராமல் இருக்க அடியில் ஒரு கிளிப். பின்னே விட்டுப்போனாலும் டிரெய்லர் தனியாக ஓடாமல் இருக்க ஒரு சங்கிலி. பின்பக்கம் சிவப்பு லைட்டு, ரிப்ளெக்டர் ஸ்டிக்கர். ராத்திரி ரோட்டோரம் இருட்டில் நிற்கிற டிரெய்லர் மேல் வந்து மோதுகிற வண்டிகள் எத்தனை! அதனால் லைட்டுக்கு ஒயர் இழுத்த பிறகுதான் வண்டியை வெளியே விட்டார்.

அடுத்து பாரம். 200 லிட்டர் தண்ணீர் டிரம் என்றால் 200 கிலோ! சித்தப்பா அதைப் பின்பக்கம் ஏற்றச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாயி சத்தம் போட்டாங்க. "டேய், பின்பாரம் ஆகுதுடா! முன்னால தள்ளு!"

அப்பாயி சின்ன வயசில் கூண்டு வண்டியில் போனவங்க. மாட்டு வண்டியில் பாரம் பின்னால் போனால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். பின்பாரமானால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும், வண்டி பாம்பு மாதிரி ஆடும். இங்கிலாந்துக் கேரவன்காரர்களும் வண்டி எடையில் 100க்கு 5 முதல் 7 பங்கு வரை முன்கொக்கியில் அழுந்த வேண்டும் என்கிறார்கள். அப்பாயி கிலோ கணக்கு பார்க்காமலே சொல்லிட்டாங்க! திருக்குறளில் 'வலியறிதல்' அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டி அச்சு முறிவது பற்றிப் படித்தோமே, அதுவும் அப்போது ஞாபகம் வந்தது.

இவ்வளவு தெரிந்த அப்பாயிதான் கடைசியில் அப்பாவோடு சண்டை போட்டாங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வேளாங்கண்ணிக்கு வருவதாக நேர்ந்துகொண்டாங்க. மூட்டு வலியால் நடக்க முடியாது. "நான் பாட்டுக்கு டிரெய்லர்ல ஒரு ஓரமா உக்காந்து வர்றேன்" என்றாங்க. அப்பா முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார்.

"அந்தக் காலத்துல நாங்க கூண்டு வண்டியில போவலையா?"

"அம்மா, அது மாடு நின்னா நிக்கிற வண்டி. இதுக்குத் தனியா பிரேக்கே கெடையாதும்மா."

உண்மைதான். எங்கள் டிரெய்லருக்கு பிரேக் இல்லை. டிராக்டர் நின்றால்தான் அது நிற்கும். திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் இருக்கிற மொத்தப் பாரமும் டிராக்டரை முட்டித் தள்ளும். கோணலாகத் தள்ளினால் டிராக்டரையே கவிழ்த்துவிடும். டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி இருக்கும். வயலில் சட்டென்று திருப்புவதற்காக அப்படி. ரோட்டில் போகும்போது இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் ஆபத்து. அதனால்தான் டிரெய்லர் சரக்குக்கு மட்டும், ஆள் ஏறக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கல்யாணம், திருவிழா என்றால் நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம்.

அன்று ராத்திரி அப்பாயி சாப்பிடவில்லை. அம்மாதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பஸ்ஸுல வாங்க அத்தை. நாங்க தங்குற எடத்துலயெல்லாம் எறங்கிக்குங்க" என்றாங்க. "பஸ்ஸுல போனா நேர்த்திக்கடன் ஆவுமா?" என்று அப்பாயி கேட்டாங்க. "போய்ச் சேரணும்னுதானே அத்தை நேந்துக்கிட்டீங்க?" அப்பாயி பதில் சொல்லவில்லை. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாங்க.

நீடாமங்கலத்தில் வெண்ணாற்றில் குளித்துவிட்டு வந்தால் அப்பாயியும் பெரிய அத்தையும் எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாங்க! கொரடாச்சேரியிலும் அப்படித்தான். டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடுப்பைத் தள்ளித் தரையில் வைத்துச் சமைத்தோம். உள்ளே வைக்கோல் இருக்கிறதே!

திருவாரூரில் அப்பா எங்களை ஆழித்தேர் பார்க்கக் கூட்டிப்போனார். 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை! ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். அந்தத் தேரை நிறுத்த திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. அது போதாதென்று சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே போவார்கள். "பாத்தியாம்மா? இழுக்கிறது சுலபம், நிறுத்துறதுதான் கஷ்டம்" என்றார் அப்பா. அப்பாயி தேரை அண்ணாந்து பார்த்து, "சரிடா தம்பி, புரிஞ்சுது" என்றாங்க.

வேளாங்கண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பாயி மாதா கோயில் வரை எங்களோடு நடந்துதான் வந்தாங்க. நாங்கள் எல்லோரும் அவங்க வேகத்துக்கு மெதுவாக நடந்தோம்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் டிரெய்லர் இருக்கும். இன்று சாயங்காலம் போய்ப் பாருங்கள். பின்னுக்குக் கிளிப் இருக்கிறதா? சிவப்பு லைட்டு எரிகிறதா? ஆள் ஏறுகிறார்களா? முதல் இரண்டுக்கும் 'ஆமாம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் பதில் வந்தால் உங்கள் கேரவன் தாராளமாகக் கிளம்பலாம்!

– பதினோராம் வகுப்பு மாணவன்