செங்கல்லும் சுண்ணாம்பும்

திண்டு போலக் கிடக்கும் பாறையைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட ஊர் திண்டுக்கல். அங்கே போய்ச் செங்கல்லைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் மலைக்கோட்டையில் ஏறினால் என் கண் போவது செங்கல்லின் மேல்தான்.

நாயக்கர் கட்டிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி அதிகாரியாக வந்து அமர்ந்த கோட்டை. 1790-இல் கும்பினிப் படை பிடித்து, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தனக்கே ஆக்கிக்கொண்ட கோட்டை. மதில் கருங்கல். உச்சியில் படை தங்கிய கட்டடங்களோ செங்கல். காரை உதிர்ந்த இடத்தில் வரிசை வரிசையாகச் சிவப்பு தெரியும். வருகிறவர்கள் அதில் காதலி பெயரைக் கீறிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரன் தன் நாட்டுக் கிராமங்களில் செங்கல் மாளிகை கட்டியது குளிருக்காக. பெரிய ஜன்னல் வைத்து வெயிலை வருந்தி வருந்தி அழைப்பான். கணப்புக்குப் புகைபோக்கி எழுப்புவான். திண்டுக்கல் வெயிலை யாரும் அழைக்க வேண்டியதில்லை! தென்னாட்டுக்கு வந்ததும் அவன் தாழ்வாரம் இறக்கினான். கூரைக்கு நம் கொத்தனாரிடம் சரணடைந்தான்.

அந்தக் கூரை பேகம்பூர்ப் பக்கம் எங்கள் பெரியப்பா வீட்டிலும் இருக்கிறது. தேக்கங்கட்டைகளை நெருக்கிப் போட்டு, மெல்லிய செங்கல்லைக் குத்தாக, கோணல் வரிசையில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிடிப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கடைசியில் தட்டோடு. சித்திரை மாதத்திலும் அதன் கீழே மதியத் தூக்கம் வரும்.

சில வருஷங்களுக்கு முன் ஒழுகியபோது யாரோ சொன்னார்கள் என்று சிமெண்டைப் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், திருப்பி விட்டுவிடும். சிமெண்டு விடாது. உள்ளே தங்கிய ஈரம் கட்டையை உளுக்கச் செய்தது. பழி சுண்ணாம்பின் தலையில் விழுந்தது.

இடித்துவிட்டுக் கான்கிரீட் போடப் போவதாக அண்ணன் சொன்னார். நான் தடுத்தேன்.

"நீ கதை எழுதுறவன், தம்பி. பழசெல்லாம் உனக்கு அழகாத்தான் இருக்கும். அதுக்குக் கீழே படுக்கிறவன் நான்" என்றார்.

நியாயமான பேச்சு. ஒரு வயதான கொத்தனாரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு கட்டையையும் கம்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "மூணு கட்டை மாத்தினாப் போதும், சாமி. மேலே தட்டத்தான் இப்போ ஆள் இல்லை" என்றார்.

தை வரை பார்க்கலாம் என்று அண்ணன் தவணை கொடுத்திருக்கிறார். தட்டத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.