பழவேற்காட்டில் பழைய ஐரோப்பா

ஐரோப்பிய நகரொன்றை நண்பர்களோடு இரண்டே நாட்களில் கண்டு திரும்ப இயலுமா? கவரைப்பேட்டைவாசிகளாகிய எங்களுக்கு இயன்றது. சனிக்கிழமை காலை மின்தொடர் வண்டியில் பொன்னேரியை அடைந்து, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு சேர்ந்தோம்.

ஒல்லாந்தர் 1613இல் எழுப்பிய கெல்திரியா கோட்டை, 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக விளங்கியது. இன்றோ அகழியும் முட்புதர் மூடிய மேடுகளுமே எஞ்சியுள்ளன. அருகேயுள்ள அவர்களது கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே குலச்சின்னங்கள் பொறித்த கற்பலகைகளில் இறந்தோர் பெயர்கள் இன்னும் துலங்குகின்றன.

“எத்துணை அழகிய வேலைப்பாடு!” என்று வியந்தோம். எங்களுள் மூத்தவரான ஆசிரியர் மட்டும் கடலை நோக்கியவாறு மௌனமாயிருந்தார். “பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தால் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஏழைகளை, இக்கரையிலிருந்துதான் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்குக் கல்லறை எங்கே?” என்றார். எங்களிடம் விடையில்லை.

அன்றிரவு நண்பரொருவரின் உறவினர் இல்லத்தில் தங்கினோம். ஞாயிறு காலை, போர்த்துகீசியர் 1515இல் ஊன்றிய மரபில் வந்த மகிமை மாதா திருத்தலத்தில் மீனவக் குடும்பங்களோடு திருப்பலியில் பங்கேற்றோம். மரித்தோரை நினைவுகூரும் வேளை வந்தது. வழக்கமாக நம் வீட்டாரை மட்டுமே நினைக்கும் நாங்கள், கப்பலேறிப் போன அந்தப் பெயரறியா மக்களுக்காகவும் மன்றாடினோம்.

கோட்டை மண்ணாயிற்று; கல்லெழுத்தும் ஒருநாள் தேயும். மனிதர் எழுத மறந்த பெயர்களையோ ஆண்டவர் மறப்பதில்லை.