2048-இல் பிறந்த தாத்தா

நெடுநாள் கழித்து எழுதுகிறேன். இம்முறை பாடத்திட்டத்தைப் பற்றியன்று. நான் உருவாக்கிய ஓர் இணையப் படிவத்தைப் பற்றி.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு யாரும் நிரலாக்கம் கற்பிக்கவில்லை. பின்னாளில் ஆர்வத்தினால் பிஎச்பி மொழியையும், இணையச் செயலிகளை அமைக்க உதவும் லாராவெல் என்னும் நிரற்சட்டகத்தையும் தட்டுத்தடுமாறிக் கற்றேன். சுங்கை சிப்புட் வட்டார மாணவர்களுக்கான விடுமுறைக்கால வாசிப்பு முகாமுக்குப் பெயர் பதியும் படிவத்தை அதில்தான் அமைத்தேன்.

படிவம் வந்து சேர்ந்ததும் சட்டகம் அதனை விதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். ஆனால் நம் நாட்டு வழக்கங்கள் அதற்குத் தெரியா. ஆகவே நம் சொந்த நிரலை ஓட்டுவதற்கும் இடம் உண்டு. விதிகளுக்கு முன் ஓடுவது 'பிரிப்பேர் ஃபார் வேலிடேஷன்'. விதிகளுக்குப் பின் ஓடுவது 'ஆஃப்டர்'. அடையாள அட்டை எண்ணைச் சிலர் கோடிட்டும் சிலர் கோடின்றியும் எழுதுவர். முன் ஓடும் நிரல் கோடுகளை நீக்கி, 12 இலக்கங்களை மட்டும் விதிகளிடம் ஒப்படைக்கும். பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று முதலில் விதித்திருந்தேன். 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றின் சாய்கோட்டை அது தள்ளிவிட்டது! தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி எழுதிய படிவம் தமிழர் பெயரையே ஏற்கவில்லை. அதனை அன்றே திருத்தினேன்.

அடுத்த பிழை அவ்வளவு எளிதில் வெளிப்படவில்லை.

முகாம் நாளன்று காலை, பேருந்தருகே ஒரு சிறுமி பையுடன் நின்றாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. உடன் வந்த தாத்தாவை விசாரித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில் மூன்று இரவுகள் முயன்றாராம்.

"நான் இன்னும் பொறக்கவே இல்லன்னு சொல்லுது டீச்சர். வயசான ஆளுங்கள இது ஏத்துக்காது போலன்னு விட்டுட்டேன்," என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தம்மிடம்தான் குறை என்று நினைத்திருந்தார்.

நடந்தது இதுதான். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். ஆண்டுக்கு இரண்டே இலக்கங்கள். பாதுகாவலர் 18 வயது நிறைந்தவரா என்று அறிய, 'ஆஃப்டர்' பகுதியில் அவற்றைத் தேதியாக மாற்றியிருந்தேன். பிஎச்பி, 70 முதல் 99 வரையுள்ள ஈரிலக்க ஆண்டுகளை 1900களிலும், 00 முதல் 69 வரையுள்ளவற்றை 2000களிலும் சேர்க்கும். தாத்தாவின் எண் 48 என்று தொடங்கியது. நிரல் அதனை 2048 என்று கொண்டு, 'பிறந்த தேதி எதிர்காலத்தில் உள்ளது' என்று சிவப்பு எழுத்தில் அறிவித்துவிட்டது.

அவர் பிறந்ததோ 1948. அவ்வாண்டு ஜூன் 16-ஆம் நாள் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். எல்ஃபில் தோட்டம் அவற்றுள் ஓர் இடம். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இவ்வூரில் யாரும் மறக்காத ஆண்டு. அதைத்தான் நான் நூறாண்டு தள்ளி வைத்தேன்.

நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் என் எண்ணையும் சக ஆசிரியர்களின் எண்களையும் கொண்டே. நாங்கள் அனைவரும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பிறந்தவர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலரைத் தாத்தா பாட்டிதான் வளர்க்கின்றனர் என்பது எனக்குத் தெரியாததன்று.

திருத்தம் சிறியது. பாதுகாவலரின் வயது 18-க்குக் குறைவாக வந்தால் ஆண்டிலிருந்து நூறைக் கழிக்க வேண்டும். இன்னொன்றும் கண்டேன்: முந்தைய விதிகள் தோற்றாலும் 'ஆஃப்டர்' ஓடும். எண் காலியாக இருந்தால் தேதியாக்கும் வரி அங்கே முறிந்துவிடும். ஆதலால் எண் சரியாக இருந்தால் மட்டுமே கணக்கிடுமாறு செய்தேன். செய்தியையும் மாற்றினேன். 'தவறு' என்னும் சொல் இப்போது அதில் இல்லை. பதிய இயலாவிட்டால் பள்ளி அலுவலகத்தை அழைக்குமாறு எழுதியுள்ளேன்.

பேருந்தில் இருக்கைகள் நிரம்பிவிட்டன. சிறுமியை என் காரில் ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் அவள், "தாத்தாவுக்கு எப்ப பொறந்தநாள் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.