கீறலும் விரிசலும்

இறைவன் அருளிய பொருளைப் பேணுவதும் அவனுக்கு நன்றி செலுத்துவதேயாகும். சிறு பழுதுக்காக ஒரு பொருளைத் தூக்கியெறிவது வீண்விரயம். பெரும் பழுதை மூடி மறைப்பதோ மோசடி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நேரான பாதையை ஒரு காரின் சக்கரம் எங்கள் குடும்பத்தாருக்கு விளக்கிக் காட்டியது.

அம்பாசிடர், பியட் கார்கள் ஓடிய காலத்தில் சக்கரங்கள் எஃகினால் ஆனவை. கல்லில் மோதினால் நெளியும். பட்டறையில் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். இன்று நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் கார்களிலும் அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரம் வந்துவிட்டது. அலுமினியம் நம் சேலம் மாவட்டத்திற்குப் புதியதன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டியெடுத்த பாக்சைட்டிலிருந்து மேட்டூர் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் தயாரித்து வந்தது. 2008இல் அந்த உற்பத்தி நின்றுபோனது.

தூய அலுமினியம் மென்மையானது. ஆகவே ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்து சக்கரமாக வார்க்கிறார்கள். பின்னர் 540 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மீண்டும் மிதமான சூட்டில் வைத்து உறுதியேற்றுகிறார்கள். இவ்வாறு உறுதி பெற்ற சக்கரம் எஃகைப் போல அதிகம் நெளிந்து கொடுப்பதில்லை. பலத்த அடி பட்டால் விரிசல் விடும்.

வாழப்பாடியில் பாக்கு வியாபாரம் செய்யும் என் தங்கை மகன், ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். பெருநாள் துணி எடுக்கச் சேலம் சென்றபோது, காரை ஓரங்கட்டுகையில் இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் பிளாட்பாரத்துக் கல்லில் உரசிவிட்டன. விளிம்பில் விரல் நீளத்திற்கு வெள்ளிக் கோடுகள். பல ஆண்டுகள் பட்டி, பெயிண்டிங் வேலை பார்த்தவன் நான் என்பதால், "மாமா, இதை வீட்டிலேயே சரி செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வேலையைத் தொடங்கினோம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகே ஜாக்கி வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைச் சோப்பு நீரால் கழுவி, பிரேக் தூசி போனபின், உரசிய இடத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. டயரில் பெயிண்ட் படாமலிருக்க, பழைய திருமணப் பத்திரிகைகளைத் துண்டுகளாக்கி டயருக்கும் விளிம்புக்கும் இடையே வரிசையாகச் செருகினோம். துருத்தி நிற்கும் பிசிறுகளை மட்டும் அரத்தால் மெல்ல எடுத்துவிட்டு, 240 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அடுத்து 400, பின்னர் 800. எஞ்சும் பள்ளத்தில் உலோகத்திற்குரிய பட்டியை மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் மீண்டும் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

பிறகு பிரைமர், வண்ணம், கடைசியாகக் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு. ஒவ்வொன்றையும் ஒரே கனமாக அடிக்காமல், மெல்லிய பூச்சுகளாக, முந்தியது உலர்ந்தபின் அடிக்க வேண்டும். ஆடிக் காற்றில் இந்த வேலை ஆகாது, புழுதி ஒட்டிக்கொள்ளும். ஆனால் மூடிய அறைக்குள்ளும் அடிக்கக் கூடாது. காற்றோட்டமான நிழலில் மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். நட்டு உட்காரும் குழிகளிலும், சக்கரம் காரோடு பொருந்தும் பின்பக்கத்திலும் பெயிண்ட் படவே கூடாது. அங்கே படிந்த பூச்சு நாளடைவில் நசுங்கி, நட்டுகள் தளர்ந்துவிடும். சக்கரத்தை மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடியும் சரிபார்ப்பது அவசியம். லேத்தில் கடைந்து பளபளப்பாக்கிய முகப்புள்ள சக்கரத்திற்கு இந்தக் கைவேலை பொருந்தாது. அதற்குரிய இயந்திரம் உள்ள இடத்துக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும்.

முதல் சக்கரம் அஸருக்குள் அழகாக வந்துவிட்டது. இரண்டாவதைத் தேய்த்தபோது, உரசிய இடத்திற்குச் சற்றுத் தள்ளிப் பழைய பட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் மயிரிழை போன்ற ஒரு கோடு. மேலும் தேய்த்தோம், கோடு மறையவில்லை, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. தேய்த்தால் மறைவது கீறல். தேய்க்கத் தேய்க்கத் துலங்குவது விரிசல். சோப்பு நீரைத் தடவினோம். சிறு குமிழிகள் எழுந்தன. வாரந்தோறும் அந்த டயரில் காற்று குறைந்து வந்ததன் காரணமும் விளங்கிற்று. யாரோ முன்பே விரிசலைக் கண்டு, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

பற்றவைத்துவிடலாம் என்று அருகிலிருந்த நண்பர் ஒருவர் சொன்னார். வெல்டிங் சூடு, வெப்பத்தால் ஏற்றிய உறுதியைச் சுற்றிலும் குலைத்துவிடும் என்றேன். "அப்படியானால் பெயிண்டை அடித்துக் காரையே விற்றுவிடுங்கள். நீங்களும் அப்படித்தானே வாங்கினீர்கள்?" என்றார் அவர். மருமகன் மௌனமாக இருந்தார். புதுச் சக்கரத்திற்கு ஆகும் செலவு, பெருநாள் நெருங்கிய அந்த நேரத்தில் அவருக்குச் சிறியதன்று. தேநீர் கொண்டுவந்த என் தங்கைதான் பேசினார்: "வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா?" அதன்பின் விவாதம் இல்லை.

சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் வாகனங்கள் விரையும் வேகத்தை நாம் அறிவோம். அங்கே ஒரு சக்கரம் பிளந்தால் அந்தக் காரில் உள்ளவர்கள் மட்டுமா பாதிக்கப்படுவார்கள்? எதிரே வருபவரும் ஓரமாக நடப்பவரும்கூட ஆபத்துக்குள்ளாவர்.

நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியதையும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்ததையும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தானியம் நனைந்தது அந்த வணிகரின் குற்றமன்று. நனைந்ததை அடியில் மறைத்ததுதான் குற்றமாயிற்று. சக்கரத்தில் விரிசல் விழுவதும் அப்படியே. அது எவருக்கும் நேரலாம். அதன் மேல் பூசும் பெயிண்ட்தான் நம்மிடம் கணக்குக் கேட்கப்படும் செயல்.

மருமகன் புதுச் சக்கரம் வாங்கினார். பழையதை அப்படியே காயலான் கடையில் போட்டால் வேறொருவர் எடுத்துப் பூசி விற்கக்கூடும் என்று, அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்து எடைக்குப் போட்டார். அலுமினியம் உருக்கினால் மீண்டும் பயன்படும் உலோகம். அதில் வீண்விரயம் ஏதுமில்லை.

சகோதரர்களே, சகோதரிகளே! சிறு கீறலை நம் கையாலேயே சரி செய்து பணத்தை மிச்சப்படுத்துவோம். விரிசலைக் கண்டால் மறைக்காமல் சொல்லிவிடுவோம். வாங்கும்போதும் பளபளப்பில் மயங்காமல், விளிம்பின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்ப்போம். நம் வாணிபத்தில் உண்மையையும் நம் பயணங்களில் பாதுகாப்பையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! ஆமீன்.