கைக்கு எட்டும் ரெகுலேட்டர்

சமையல் கேஸை மூடும் இடம், வீட்டிலேயே பலம் குறைந்தவரின் கைக்கு எட்ட வேண்டும். எனக்கு இதை உணர்த்தியவர் அம்மா.

பாடியில் லூகாஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடிவந்தோம். அந்த வீட்டில் மாடுலர் கிச்சன் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். சிலிண்டர் வெளியே தெரியாது. மேடைக்கு அடியில், கனமான ஒரு டிராயருக்குப் பின்னால் மூலையில் இருந்தது. ரெகுலேட்டரைத் தொட வேண்டுமென்றால் டிராயரைக் கழற்றி எடுத்து, முட்டிபோட்டு, தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். என் கணவருக்கு அது சிரமமில்லை. அம்மாவுக்கோ இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஒருநாள் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா, கேஸ் வாடை வந்தா நான் என்னம்மா பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. பகல் முழுக்க அம்மா தனியாக இருப்பாரே என்ற பயம் அலுவலகத்திலும் என்னை விடவில்லை. அந்தப் பயம்தான் என்னை விவரம் தேட வைத்தது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும்; மூடிய கப்போர்டு அதற்குத் தொட்டி மாதிரி. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கலாம். தனக்கென வாசனை இல்லாத வாயு என்பதால்தான், கசிவு தெரியட்டும் என்று அதில் மெர்காப்டன் கலக்கிறார்கள். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சின்னப் பொறி போதும். ராத்திரியானால் இருட்டில் தடவித்தான் மூட வேண்டும். விளக்குப் போட்டுத் தேட வேண்டிய இடத்தில் ரெகுலேட்டர் இருந்து என்ன பயன்?

வீட்டு ஓனரிடம் பேசினேன், சம்மதித்தார். தச்சர் டிராயரை எடுத்துவிட்டு, சிலிண்டரை முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, பூட்டில்லாத ஒரே கதவு போட்டார். கதவின் அடியில் காற்றுப் போகத் துளைகள். கப்போர்டுக்குள் இருந்த பிளக் பாயின்டை அகற்றினோம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபைப் புதிதாக மாட்டிய மெக்கானிக், 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்.

அன்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தடவியே நாபைத் திருப்பி மூடினார். அடுத்து நான். என் வாழ்க்கையில் அதைத் தொட்டது அதுவே முதல் முறை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதை ஆண்களின் வேலையாகவே விட்டிருந்தோம். அடுப்பெரிக்கிற கைக்கு அணைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போது பட்டது.

கிச்சன் போடுகிறவர்கள், பகலில் வீட்டில் தனியாக இருப்பவர் யார் என்று முதலில் யோசியுங்கள். அவரை நிற்கவைத்து, குனியவைத்து அளவெடுங்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போகப் பழக்குங்கள். 24 மணி நேரமும் இயங்கும் 1906 என்ற அவசர எண்ணை வாசலுக்கு வெளியே எழுதி ஒட்டுங்கள். வெளியே வந்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும்.