எடைக்குப் போட்ட கஜானா

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் உருக்காலையில் 28 ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஒரு பேரிங், ஒரு போல்ட் குறைந்தாலும் பின் கார்டைப் புரட்டிக் கணக்குக் கேட்பேன். அத்தகைய நான், சொந்த வீட்டில் ஒரு கிடங்கையே கணக்குப் பார்க்காமல் காலி செய்தேன்.

1998ஆம் ஆண்டு வாடகை வீடு மாறினோம். அம்மாவின் தகரப் பெட்டியில் இருபது ஆண்டு மாத இதழ்கள் அடுக்கப்பட்டிருந்தன. அம்மா உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த நாளில், இடத்தை அடைக்கிறதே என்று அனைத்தையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். கிடைத்த பணம் சாமான் ஏற்றிய வண்டியின் வாடகைக்கும் போதவில்லை.

திரும்பி வந்த அம்மா, காலிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"பழைய புத்தகம்தானே அம்மா" என்றேன்.

"கஜானாவையே எடைக்குப் போட்டுட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார்கள். பிறகு அதுகுறித்துப் பேசவே இல்லை.

அந்த இதழ்களின் ஓரங்களில் அம்மா பென்சிலால் எழுதி வைத்தவை பின்னரே என் நினைவுக்கு வந்தன. பிள்ளைகள் ஐவரின் பிறந்த நாட்கள், நோன்புக் கஞ்சிக்கு அரிசியின் அளவு, மனனம் செய்ய விரும்பிய துஆக்கள்! எங்கள் பள்ளிச் சான்றிதழ்களில் இருப்பவையோ, சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாகப் போட்ட தேதிகள்.

பல ஆண்டுகள் கழித்து, ஆலைக் கட்டட வேலைக்கு ஜல்லி விலை பேசச் செங்கற்பட்டுப் பக்கம் ஒரு கல்குவாரிக்குச் சென்றேன். ஒதுக்குப்புறத்தில், முள்வேலிக்குள் இருந்த சிறு கட்டடத்தின் மீது ஆங்கிலத்தில் 'மேகஸின்' என்று எழுதியிருந்தது.

"இந்தப் பொட்டலில் பத்திரிகை படிப்பவர் யார்?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"சார், அது வெடிமருந்துக் கிடங்கு" என்று காவலாளி சிரித்தார்.

வீடு திரும்பியதும் மகளின் ஆங்கில அகராதியைப் புரட்டினேன்.

'மேகஸின்' என்பது ஆங்கிலச் சொல்லாயினும், அதன் பிறப்பிடம் அரபு மொழி. 'கஸன' என்றால் சேமித்து வைத்தான். சேமிக்கும் இடம் 'மக்ஸன்'. அதன் பன்மை 'மகாஸின்'. அச்சொல் இத்தாலிய மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் சென்றது. பிரெஞ்சில் இன்றும் கடைக்கு 'மகஸான்' என்றே பெயர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் கிடங்கு என்பதே அதன் பொருள். வெடிமருந்து வைக்குமிடமும், துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் கூடும் அப்பெயர் பெற்றன. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். பல்வேறு செய்திகளைச் சேர்த்து வைத்த கிடங்கு என்ற கருத்தில் சூட்டிய பெயர் அது. பின்னர் அதுவே இதழ்களுக்குப் பொதுப்பெயராயிற்று.

அதே வேரிலிருந்து வந்த 'கஸானா'தான் தமிழில் 'கஜானா' ஆனது. எகிப்து நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு யூசுஃப் நபி (அலை) அவர்கள் அரசரிடம் கேட்டதைத் திருக்குர்ஆன் கூறுமிடத்திலும், 'கஸாயின்' என்று அவ்வேர்ச்சொல்லே வருகிறது.

அகராதியை மூடினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆயினும் அன்று அவர்கள் சொன்னது அச்சொல்லின் நேர்ப்பொருள்!

அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அம்மாவின் அருகில் அமர்ந்தேன். கஞ்சியின் அளவைத் தடையின்றிச் சொன்னார்கள். பிறந்த நாட்களில் மூவருடையவைதான் நினைவில் இருந்தன. என்னுடையது அவற்றில் இல்லை.

"மழைக்காலம்ப்பா. ராத்திரி நேரம்" என்றார்கள். அதையே எழுதிக்கொண்டேன்.

சகோதரர்களே! பழைய இதழ்களை எடைக்குப் போடுமுன் அவற்றின் ஓரங்களைப் புரட்டிப் பாருங்கள். வீட்டிலுள்ள பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கிடங்கின் காப்பாளர் அவர்களே.